வெறுஞ்சோற்றுப் பிள்ளை

உண்ணுதல் என்ற தொழிலை ஒரே சொல்லாற் சொல்லி அமைந்தவர்கள் அல்லர் தமிழர். உண்பன வேறு, தின்பன வேறு, பருகுவன வேறு, நக்குவன வேறு. சோறு உண்ணப்படுவது. முறுக்குத் தின்னப்படுவது. பால் பருகப்படுவது. தேன் நக்கப்படுவது. "சோற்றைத் தின்றான்" என்று சொன்னாற் சோறிட்டவள் முகம் வாடும். இந்த வேறுபாட்டைப் படிப்பிக்கும்போது எனக்கு எப்பொழுதும் ஓர் உற்சாகம் பிறக்கும். ஒரு பண்டம் பல்லுக்கு என்ன வேலை கொடுக்கின்றது, நாவுக்கு என்ன வேலை கொடுக்கின்றது என்று பார்த்துப் பெயரிட்ட மொழி நம்முடையது என்பேன். மாணாக்கர் தலையசைப்பர். மணி அடிக்கும். எல்லாரும் மத்தியான உணவுக்கு எழுந்து போவர்.

அப்படி எழுந்து போனவர்களுள் ஒருவனைப் பற்றியே இக்கட்டுரை. அவனுடைய பல்லுக்கும் நாவுக்கும் அந்த உணவு என்ன வேலை கொடுத்தது என்று, சொல்லாராய்ச்சியில் இத்துணை உற்சாகங் கொண்ட நான், ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

அது 2004 ஆம் ஆண்டு. இன்றைய கீழைத்தேயக் கல்லூரிக்கு வருமுன் நான் ஒரு கிராமப் பாடசாலையில் உபாத்தியாயனாக இருந்தேன். பையனுக்கு வயது ஒன்பது. பேச்சுக் குறைவு. ஆனால் ஒரு பாட்டை ஒரு முறை கேட்டால் எழுத்துப் பிசகாமல் மறுமுறை சொல்வான். அதனால் எனக்கு அவன் மீது ஒரு பிரியம் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தாயார் நாள்தோறும் ஒரு வெள்ளிரும்புச் செப்பிலே வெறுஞ்சோறு கொடுத்தனுப்புவார். குழம்பு இல்லை, சொதி இல்லை, ஒரு துளி உப்பும் இல்லை. வெண்மை தவிர வேறு நிறம் அச்செப்பில் இருந்ததில்லை. ஏனைய பிள்ளைகளுக்குப் பாடசாலையில் சோறும் பருப்பும் கீரையும் சமைத்துக் கொடுத்தோம். பந்தியை மேற்பார்வை செய்யும் பொறுப்பு என்னுடையது.

நாலு பேர் கூடியிருந்து உண்ணும் பந்தியில் ஒருவன் மாத்திரம் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்து வெறுஞ்சோறு உண்பது எனக்கு அழகாகத் தோன்றவில்லை. வறுமையோ என்று முதலில் ஐயுற்றேன். இல்லை. பிடிவாதம் என்று பின்பு தீர்மானித்தேன். தீர்மானித்த பின்பு உபாத்தியாயர்கள் சும்மா இருப்பதில்லை. இரண்டு நாள் நயமாகச் சொல்லிப் பார்த்தேன். மூன்றாம் நாள் அவனுடைய செப்பை வாங்கி, அவன் காணப் பருப்பை அதில் ஊற்றிப் பிசைந்து, என் கையாலேயே ஒரு கவளம் ஊட்டினேன். அவன் விழுங்கவில்லை. வாயை மூடிப் பிடித்தேன். அடுத்த கணம் வாந்தி. என் வேட்டியெல்லாம் வாந்தி. பையன் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு ஒரு சத்தம் இட்டான். அந்தச் சத்தத்துக்கு என் அகராதியில் இன்றுவரை சொல் இல்லை.

மாலையில் தாயார் வந்தார். "செல்லங் கொடுத்துக் கெடுத்துப் போட்டீங்கள், அம்மா" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. செப்பை வாங்கிக் கழுவிக்கொண்டு பிள்ளையை அழைத்துக்கொண்டு போனார். அதன் பின்பு அவன் அந்தச் செப்பிலிருந்து வெறுஞ்சோறும் உண்ணவில்லை என்று கேள்விப்பட்டேன். உலகத்தில் அவன் நம்பியிருந்தது ஒரேயொரு உணவு. அதற்குள்ளும் அவன் அறியாத ஒன்று வந்து புகும் என்பதை நான் அவனுக்குக் காட்டிக் கொடுத்துவிட்டேன். ஒரு மாதத்துள் பாடசாலையும் நின்றது.

ஓட்டிசம் என்ற சொல்லை நான் அறிந்தது அதன் பின்பு ஏறக்குறைய பத்தாண்டு கழித்து. என் தங்கையின் மகளுக்கு அக்குறிப்பு இருக்கிறதென்று வைத்தியர் சொன்னார். மதியிறுக்கம் என்று தமிழ்ப்படுத்தியிருக்கின்றனர். எனக்கு அந்தத் தமிழ் உவப்பாயில்லை. இறுகியிருப்பது அவர்களுடைய மதியா, நம்முடைய மதியா என்ற வினா அச்சொல்லைக் கேட்குந்தோறும் எழுகின்றது. ஆதலின் ஓட்டிசம் என்றே எழுதுகின்றேன். பிறமொழிச் சொல்லை ஒரு பண்டிதன் விரும்பி ஏற்கும் இடங்கள் சில. இஃது அவற்றுள் ஒன்று.

நம்முடைய நாட்டிலே இது அருகிய செய்தி என்று எவரும் எண்ணல் வேண்டா. 2009 இல் வெளிவந்த ஓர் இலங்கை ஆய்வு, பதினெட்டு முதல் இருபத்துநான்கு மாதம் வரையான குழந்தைகளைப் பார்த்து, ஏறக்குறைய 93 பேரில் ஒருவருக்கு ஓட்டிசம் உண்டெனக் கணித்தது. ஒரு நடுத்தரப் பாடசாலையில் ஐந்நூறு பிள்ளைகள் என்றாற் கணக்கை ஆசிரியர்களே போட்டுக்கொள்ளலாம்.

ஓட்டிசத்துக்கும் உணவுக்கும் உள்ள தொடர்பு புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. லியோ கானர் என்ற வைத்தியர் அமெரிக்காவின் பால்ரிமோர் நகரிலிருந்து 1943 இல் எழுதிய கட்டுரையே ஓட்டிசத்தை ஒரு தனி நிலையாக உலகுக்குக் காட்டியது. அதில் அவர் விவரித்த பிள்ளைகள் பதினொருவர். அவர்களுள் அறுவருக்குப் பிறந்தது தொட்டே உணவூட்டல் பெரும்பாடாக இருந்ததை அவர் குறித்திருக்கின்றார். அவர் சொன்ன காரணமும் சிந்திக்கத்தக்கது. குழந்தையின் தனியுலகத்துள் வெளியிலிருந்து முதன்முதல் நுழைவது உணவு. வெளியிலிருந்து வருவன எல்லாவற்றையும் அஞ்சும் பிள்ளை, முதலில் வந்த அதையே முதலில் எதிர்க்கின்றது.

கானர் நோய் பிறவியிலேயே உள்ளது என்றும் எழுதினார். பெற்றாரின் குளிர்ந்த மனத்தைப் பற்றியும் சில சொற்கள் எழுதினார். உலகம் பின்னதைப் பிடித்துக்கொண்டது. தாய் அன்பு காட்டாமையால் பிள்ளை தன்னுள் ஒடுங்கிவிட்டது என்ற கொள்கை ஒரு தலைமுறை வரை மேனாட்டிற் கோலோச்சியது. புரூனோ பெற்றல்ஹைம் 1967 இல் அதை ஒரு பெரும் நூலாகவே எழுதினார். அதற்கு மூன்றாண்டு முன்னரே, 1964 இல், பேர்ணாட் றிம்லண்ட் என்ற உளவியலாளர் இஃது உடலிலும் மூளையிலும் வேர்கொண்ட நிலையென வாதாடி ஒரு நூல் வெளியிட்டிருந்தார். அவர் தாமே ஓட்டிசமுள்ள ஒரு பையனின் தந்தை. காலம் றிம்லண்டின் பக்கம் நின்றது. ஆனால் அதற்கிடையில் எத்தனை தாய்மார் தம்மைத் தாமே நொந்து அழிந்தனரோ!

மேனாட்டார் நூலெழுதிச் செய்த பிழையை நாங்கள் நூலெழுதாமலே செய்கின்றோம். பிள்ளை உண்ணவில்லையா? தாய்க்குச் சமைக்கத் தெரியாது. தாய் பொறுமையில்லாதவள். தாய் செல்லங் கொடுப்பவள். பாட்டி ஊட்டினால் உண்பான். நாவூறு பட்டிருக்கின்றது, கழித்துவிட வேண்டும். பார்வை பார்க்க வேண்டும். நூல் கட்ட வேண்டும். நூல் கட்டுவதால் தீங்கில்லை என்று விட்டுவிடலாம். "செல்லங் கொடுத்துக் கெடுத்துப் போட்டீங்கள்" என்ற சொல்லால் வந்த தீங்கை நான் அறிவேன்.

இனி, அப்பிள்ளைகளுக்கு உண்மையில் நேர்வது என்ன? 2019 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, ஆயிரத்துக்கு மேற்பட்ட ஓட்டிசப் பிள்ளைகளின் உணவுப் பழக்கத்தை ஆராய்ந்தது. அவர்களுள் நூற்றுக்கு 70 பேரளவினர் வழக்கத்துக்கு மாறான முறையில் உண்டனர். இயல்பான வளர்ச்சியுடைய பிள்ளைகளில் அத்தொகை நூற்றுக்கு ஐந்தையும் எட்டவில்லை. சிலவகை உணவே உண்ணல், பண்டத்தின் பதம் பிடியாமை, வாயில் உணவை அடக்கி வைத்திருத்தல், உணவல்லாதவற்றைத் தின்னுதல் என்பன அவ்வழக்கங்கள்.

பதம் என்ற சொல்லை இங்கே வேண்டுமென்றே இடுகின்றேன். சுவை ஆறு என்று நாங்கள் எண்ணி வைத்திருக்கின்றோம். இந்தப் பிள்ளைகள் பலருக்குச் சுவை பின்னர் வருவது. முதலில் வருவது பதம். மொறுமொறுப்பா, குழைவா, வழுவழுப்பா, தும்பா? அதற்கு முன்னர் வருவது மணம். அதற்கும் முன்னர் நிறம். தட்டின் நிறம், அகப்பை படும் ஓசை, பக்கத்திலிருப்பவன் மெல்லும் ஓசை, விளக்கின் கூச்சம் எல்லாம் உணவோடு கலந்தே உள்ளே செல்கின்றன. நமக்கு மெல்லிய தாளிதமாக இருக்கும் கடுகின் மணம் அவர்களுள் ஒருவனுக்கு மூக்கின் மேல் விழும் அடியாக இருத்தல் கூடும். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013 இல் வெளியிட்ட நோய்நிர்ணய நூலின் ஐந்தாம் பதிப்பு, புலனுணர்வின் இந்த மிகையையும் குறையையும் ஓட்டிசத்தின் குறிகளுள் ஒன்றாகவே சேர்த்துக்கொண்டது. உணவைத் தவிர்த்தும் குறைத்தும் வாழும் நிலையை ஒரு தனி நோயாகவும் அந்நூலே பெயரிட்டு வைத்தது.

என் மருமகள் இடியப்பம் உண்பாள். அதே மாவிலே செய்த பிட்டை உண்ணாள். "மா ஒன்றுதானே, பிள்ளை!" என்று என் தமையனார் அவளோடு வழக்காடுவார். மா ஒன்றுதான். மண்ணும் ஒன்றுதான், குடமும் ஓடும் ஒன்றாகிவிடுமா? இடியப்பம் இழை. பிட்டு உதிரி. இழையை நாக்கு எண்ணிக்கொள்ளும். உதிரி வாயெங்கும் பரந்து கணக்குக்கு அடங்காமற் போகும். பருப்பு ஊற்றிய சோறு இன்னும் கொடிது. ஒரு கவளத்துக்குள் நீரும் பருக்கையும் தோலும். ஒரு கவளம் போல அடுத்த கவளம் இராது. அடுத்த கவளத்தில் என்ன வருமென்று அறிய முடியாத ஓர் உணவை நாம் மூன்று வேளையும் கொண்டாடி உண்கின்றோம். பிஸ்கற்றை அவள் விரும்புவதன் காரணம் அதன் இனிப்பு என்று நெடுங்காலம் நினைத்திருந்தேன். அதன் காரணம் அதன் ஒருமை. ஒரு பெட்டியிலுள்ள முதற் பிஸ்கற்றும் கடைசிப் பிஸ்கற்றும் ஒன்று. ஓரம் உடைந்த பிஸ்கற்றை அவள் தொடாள். அஃது அவளுக்கு வேறொரு பண்டம்.

இதைக் கேட்டுச் சிரிக்கும் அன்பர்கள் ஒன்றை எண்ண வேண்டும். ணகரம் வர வேண்டிய இடத்தில் னகரம் வந்தாற் கட்டுரையைக் கீழே வைத்துவிடுபவர்கள் நாங்கள். ஓர் ஒற்று மிகுந்தால் எங்களுக்கு நித்திரை வராது. உடைந்த பிஸ்கற்றை மறுக்கும் பிள்ளையை நான் விளங்கிக்கொள்ளப் பத்தாண்டு எடுத்ததுதான் வியப்பு.

இங்கிலாந்தின் டெவன் பகுதியில் நிகழ்ந்தது ஒன்று. 2016 ஆம் ஆண்டு உலகப் பத்திரிகைகள் பலவற்றிலும் வந்தது. ஓட்டிசமுள்ள ஒரு பதின்வயதுப் பையன், இரண்டு வயது முதல் ஒரே வகையான நீலக் கோப்பையிலே மாத்திரம் நீர் அருந்தினான். இரண்டு கைபிடியுள்ள குழந்தைக் கோப்பை அது. வேறு பாத்திரத்திற் கொடுத்தால் அருந்தான். உடலில் நீர் வற்றி இரு முறை மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல நேர்ந்தது என்று தந்தையார் சொன்னார். கோப்பையோ தேய்ந்து போயிற்று. அதைச் செய்த நிறுவனம் அவ்வகையை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. தந்தையார் இணையத்தில் உலகத்தாரிடம் வேண்டுகோள் விடுத்தார். பலர் தம் வீட்டு அலுமாரிகளைக் கிளறிப் பழைய கோப்பைகளை அனுப்பினர். ஈற்றில் டொமி டிப்பி என்ற அந்நிறுவனம் சீனத் தொழிற்சாலையொன்றிலிருந்து பழைய அச்சைத் தேடியெடுத்து, அந்த ஒருவனுக்காக 500 கோப்பைகளை வார்த்துக் கொடுக்க முன்வந்தது.

தாகம் எடுத்தாற் குடிப்பான், பசி எடுத்தால் உண்பான் என்று நாம் எல்லாரும் சொல்கின்றோம். நானும் சொன்னேன். அந்தப் பையனுக்குத் தாகம் எடுத்தது. அவன் குடிக்கவில்லை. திருக்குறளில் மருந்து என்ற அதிகாரம் பசியறிந்து, முன்னுண்டது அற்றதறிந்து உண்ணச் சொல்லும். அறிந்து என்ற அச்சொல்லை நாம் எளிதிற் கடந்துவிடுகின்றோம். வயிற்றின் உள்ளிருந்து வரும் செய்தியை அறிவதும் ஒரு புலன். ஓட்டிசமுள்ளோர் சிலருக்கு அச்செய்தி மங்கியே வருகின்றது. அல்லது வயிற்றுநோவிலிருந்து பிரித்தறிய முடியாதபடி வருகின்றது. அப்படிப்பட்ட பிள்ளையைப் பட்டினி போட்டுத் திருத்த முற்படுவது, செவிப்புலன் குன்றியவனை மெல்லப் பேசித் திருத்த முற்படுவது போலாகும்.

இனி என் சொந்த வழக்குக்கு வருகின்றேன். நான் மரக்கறி உணவினன். புலால் சமைத்த பாத்திரத்திற் சமைத்தது எனக்கு ஆகாது. உள்ளிப்பூண்டு விரத நாளில் ஆகாது. கடையிலே தேநீர் குடிப்பதில்லை. கலியாண வீடுகளில் எனக்குத் தனி இடம் தருகின்றனர். தனி அகப்பை வைக்கின்றனர். கந்தசட்டி ஆறு நாளும் நான் உண்ணாமலிருந்தால் ஊர் என்னை வணங்குகின்றது. ஒரு முறை புகைவண்டிப் பயணத்தில் அறியாமல் ஒரு பண்டத்தைக் கடித்து, உள்ளே முட்டை இருப்பது தெரிந்தவுடன் எனக்கும் வாந்தி வந்தது. அருகிருந்தோர் என் முதுகைத் தடவி இளநீர் வாங்கித் தந்தனர். எவரும் என் வாயைப் பொத்திப் பிடிக்கவில்லை. "பிடிவாதக்காரர்" என்று எவரும் என் தாயாரைப் பழிக்கவில்லை. என்னுடையதற்கு ஆசாரம் என்று பெயர். அந்தப் பையனுடையதற்குப் பிடிவாதம் என்று பெயர்.

ஆசாரம் என்ற சொல்லின் நிழலில் இந்நாட்டில் மனிதருக்கு மனிதர் செய்த கொடுமைகளை நான் மறந்தவனல்லன். எவர் கையில் உண்பது, எவர் கையில் உண்ணாதிருப்பது என்ற அந்தப் பேச்சு வேறு. அதற்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. நாவும் மூக்கும் வயிறும் ஒன்றாய்ச் சேர்ந்து "இது வேண்டா" என்று சொல்லும்போது அறிவு சொல்வது எடுபடாது என்பதை மாத்திரம் என் அனுபவத்திலிருந்து சாட்சி சொல்கின்றேன்.

ஆயின் விட்டுவிட வேண்டியதுதானா என்று ஒருவர் கேட்கலாம். விட்டுவிட முடியாது. விரதத்துக்கு முடிவுண்டு, இந்தப் பிள்ளைகளின் விரதத்துக்கு முடிவில்லை. பழமும் மரக்கறியும் ஆண்டுக்கணக்கில் வாயிற் படாத ஓட்டிசப் பிள்ளைகளுக்கு விற்றமின் சீ அற்று, முரசு வீங்கி இரத்தங் கசிந்து, கால் நொந்து நடக்கமாட்டாமற் போன செய்திகள் வைத்திய ஏடுகளிற் பலமுறை வந்துள்ளன. பழைய காலத்து மாலுமிகளின் நோய் அது. காலில் நோவென்று பிள்ளையைக் கொண்டுவந்தால் வைத்தியர் மூட்டைப் பார்ப்பாரேயன்றித் தட்டைப் பார்க்க உடனே நினையார். விற்றமின் ஏ குறைந்து கண்ணொளி கெட்ட பிள்ளைகளும் உண்டு. புரதமும் கல்சியமும் இவர்களுக்குக் குறைவாகவே கிட்டுகின்றன என்று 2013 இல் பல ஆய்வுகளை ஒருங்கு வைத்துப் பார்த்தோர் கண்டனர். பிள்ளை பருத்திருக்கின்றான், ஆதலாற் குறையில்லை என்று அமைதி கொள்ளவும் முடியாது. பாணும் பிஸ்கற்றும் உடலைப் பருக்க வைக்கும், இரத்தத்தை நிறைக்கமாட்டா. மண்ணும் வெண்கட்டியும் கடதாசியும் தின்னும் பிள்ளைக்கு இரும்புச்சத்துக் குறைந்திருக்கலாம். அடிப்பதற்கு முன் இரத்தத்தைச் சோதித்தல் வேண்டும். சுவரிற் பூசிய பழைய மையிலே ஈயம் இருந்தால் அதனால் வருவது இன்னொரு கேடு.

சொல்லத் தெரியாத நோவும் உண்டு. மலச்சிக்கல் இப்பிள்ளைகளிடத்து மிக அதிகம். நெஞ்செரிவு உண்டு. பல்லிற் சூத்தை உண்டு. நேற்றுவரை உண்ட பிள்ளை இன்று திடீரென்று ஓர் உணவைத் தள்ளிவிட்டால், மனத்தைச் சோதிக்குமுன் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கச் சொல்கின்றனர் வைத்தியர்.

இவ்விடத்தில் ஒரு எச்சரிக்கை. கோதுமையிலும் பாலிலுமுள்ள புரதங்களை விலக்கினால் ஓட்டிசமே நீங்கிவிடும் என்று சொல்லித் திரிவோர் நம்மூர்களிலும் வந்துவிட்டனர். இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டல்களை வகுக்கும் நைஸ் என்ற நிறுவனம், ஓட்டிசத்தின் அடிப்படைக் குறிகளுக்கு இவ்விலக்குணவைப் பயன்படுத்த வேண்டாமென 2013 இலேயே சொல்லிவிட்டது. ஐந்து பண்டமே உண்ணும் பிள்ளையிடமிருந்து இரண்டைப் பறித்தால் மிஞ்சுவது மூன்று. இந்தக் கழித்தலுக்குப் பணமும் வாங்குகின்றனர்.

செய்யத்தக்கது என்ன என்பதை என் தங்கையிடமிருந்தே கற்றேன். அவளுக்குக் கற்பித்தவர் ஒரு பேச்சுச் சிகிச்சையாளர். முதலாவது, பொய் சொல்லாமை. விரும்பும் உணவுக்குள் மருந்தையோ கீரையையோ ஒளித்து வைத்தால், ஒளித்ததைக் கண்டுபிடிக்கும் நாள் விரும்பிய உணவும் போய்விடும். (என் கதை.) அவள் மகளுக்கு உண்ணும் நேரம் நாள்தோறும் ஒன்று, இருக்கை ஒன்று, கால் தொங்காதபடி கீழே ஒரு பலகை. இடையிடையே பிஸ்கற்றும் பாலும் கொடுத்துப் பசியைக் கெடுப்பதில்லை. மேசையில் அவள் உண்ணும் உணவு கட்டாயம் இருக்கும். அதனருகே வேறொரு தட்டிற் புதிய உணவு சிறிதளவு இருக்கும். உண் என்று ஒருவரும் சொல்வதில்லை. சில கிழமைகள் அது பார்வைக்கு மாத்திரம். பின்பு ஒரு நாள் விரல் தொடும். ஒரு நாள் மூக்கு மணக்கும். ஒரு நாள் நா நுனி படும். துப்பினால் துப்பலாம். இடியப்பத்திலிருந்து சற்றுத் தடித்த இடியப்பம், அதிலிருந்து நூடில்ஸ், நூடில்ஸில் ஒரு இழை கரற். இப்படி ஒரு வருடம். அந்த ஒரு இழை கரற்றை அவள் விழுங்கிய நாள் என் தங்கை எனக்குத் தொலைபேசி எடுத்தாள். குரலைக் கேட்டு, ஏதோ பரீட்சையிற் சித்தி என்றே நினைத்தேன்.

வருடக் கணக்கு என்றவுடன் பலர் சோர்ந்துவிடுகின்றனர். தொல்காப்பியம் ஓர் இயலைப் பாடம் கேட்க ஒரு வருடம் எடுத்துக்கொள்ளும் நாமா சோர்வது?

அவளுக்கு இப்பொழுது பதினைந்து வயது. பிள்ளைப்பருவத்திற் பெரியோரை அலைத்த துன்பம் இப்பொழுது அவளையே அலைக்கின்றது. தோழியரோடு கூடியிருந்து உண்ண விருப்பம், முடியவில்லை. பிறந்தநாள் விருந்துக்கு அழைப்பு வந்தால் முதல்நாளே அழுகின்றாள். வளரும் வயதில் உடல் மிகுதியாகக் கேட்கும். நாக்கு அனுமதிக்கும் பண்டங்களோ சில. அன்றியும், ஓட்டிசமுள்ள பெண்பிள்ளைகள் சிலர் இவ்வயதில் உண்ணாமையையே ஒரு விதியாக்கிக் கொண்டு மெலிந்து போவதும், அதன் பின்னரே அவர்களுக்கு ஓட்டிசம் இருப்பது கண்டுபிடிக்கப்படுவதும் உண்டு. கவனக்குறைவுக்கெனக் கொடுக்கும் சில மருந்துகள் பசியை அடக்கும். கோபத்துக்கெனக் கொடுக்கும் சில மருந்துகள் பசியை மிகுக்கும். இவற்றையெல்லாம் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறிந்திருக்க வேண்டுமா என்று கேட்கலாம். மருந்தின் பெயர் தெரிந்திருக்க வேண்டாம். மத்தியானப் பந்தியில் ஒரு பிள்ளை ஏன் உண்ணவில்லை என்று தாயைக் கேட்கவும், கேட்டபின் அவர் சொல்வதை நம்பவும் தெரிந்தாற் போதும்.

பாடசாலைகளுக்கு நான் கேட்பது சிறிது. எல்லாரும் ஒரே உணவு கொண்டுவர வேண்டும், ஒரே இடத்தில் இருந்து உண்ண வேண்டும் என்ற கட்டளையிலே ஒரு விலக்கு எழுதி வையுங்கள். விலக்கில்லாத சூத்திரம் எந்த இலக்கணத்திலும் இல்லை. இரைச்சல் குறைந்த விறாந்தை மூலையொன்றைக் கொடுங்கள். அப்பிள்ளையின் செப்புக்குள் எட்டிப் பார்த்து வியாக்கியானஞ் செய்ய வேண்டாம் என்று ஏனைய பிள்ளைகளுக்கும், சிறப்பாக ஏனைய ஆசிரியர்களுக்கும், சொல்லுங்கள். கோயில் மடங்களில் அன்னதானம் செய்வோருக்கும் இதையே சொல்வேன். "போட்டதை உண்ணாமற் போகக்கூடாது" என்று இலையை மறித்து நிற்பது விருந்தோம்பலன்று.

சென்ற ஆண்டு ஆவணி மாதம், ஒரு நூல் வெளியீட்டுக்காகப் பழைய ஊருக்குப் போயிருந்தேன். பேருந்துத் தரிப்பிடத்தில் ஓர் அம்மையார் என்னைப் பார்த்துக் கைகூப்பினார். தலை முழுவதும் நரைத்திருந்தது. செப்பைக் கழுவிக்கொண்டு போனாரே, அவர்தாம். எனக்குப் பேச்சு எழவில்லை. பையனை விசாரித்தேன். முப்பது வயது நெருங்குகின்றதாம். தமையனுடைய அச்சகத்திலே கடதாசி அடுக்கி எண்ணிக் கொடுக்கின்றானாம், எண்ணிக்கை பிழைப்பதில்லையாம்.

"சாப்பாடு?" என்று கேட்டேன்.

"வெறுஞ்சோறுதான், ஐயா. பருப்பைத் தனிக் கிண்ணத்திலை வைச்சால் விரலாலை தொட்டு நாக்கிலை வைப்பான். இப்ப ரெண்டு வருஷமாத்தான். கலந்தால் மாட்டான்."

அன்று நான் செய்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் கேட்டதாகவோ கேளாததாகவோ காட்டிக்கொள்ளவில்லை. வெயிலைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், வீதிக்கு அப்பாலுள்ள தேநீர்க் கடையைப் பார்த்தார்.

"ஐயா கடையிலை தேத்தண்ணி குடிக்கமாட்டீங்கள். எனக்கு ஞாபகமிருக்கு" என்று சொல்லி, பக்கத்தில் வண்டிலில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவரிடம் போய் ஒன்று வாங்கிவந்து என் கையிலே தந்தார்.